வதந்தியால் யாருக்கு லாபம்?

மினி லாரியும் பிக்கப் வண்டியும் வைத்துப் பிழைப்பவர்கள் மத்தியில் ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. எஃப்.சி. விதிகள் அடியோடு மாறப்போகின்றனவாம். பத்து வருஷமான வண்டிக்கு இனி எஃப்.சி. கிடையாதாம். பதினைந்து வருஷமானால் வண்டியை நேரே பழைய இரும்புக் கடைக்கு ஓட்டிவிட வேண்டியதுதானாம். டீக்கடையிலும் மார்க்கெட் வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் இதே பேச்சு.

இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். பதறிப்போனவன் நன்றாக ஓடுகிற வண்டியை வந்த விலைக்குத் தள்ளுகிறான். அதை வாங்கிப் போடுகிறவன் பதறுவதில்லை. "விதி மாறுவதற்குள் முடித்துத் தருகிறேன்" என்று புரோக்கர் தன் கூலியை ஏற்றுகிறான். புது வண்டிக்குக் கடன் கொடுக்கப் பைனான்ஸ்காரன் வாசலில் வந்து நிற்கிறான். வதந்திக்குச் சொந்தக்காரன் யார் என்று தெரியாமல் இருக்கலாம். அதன் வரும்படி யார் பைக்குப் போகிறது என்பது நன்றாகத் தெரிகிறது.

"வண்டிக்காரன் கவலை வண்டிக்காரனோடு. ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். நாம் சொல்கிறோம்: நிறைய இருக்கிறது. இந்த வண்டிக்காரர்களில் பலர் யார்? ஆலை கதவடைத்தபோது கிடைத்த செட்டில்மெண்ட் பணத்தை முன்பணமாகக் கட்டி வண்டி எடுத்தவர்கள். தாலியை அடகு வைத்துத் தவணை கட்டுகிறவர்கள். தானே முதலாளி, தானே டிரைவர், தானே சுமைகூலி என்று இருப்பவர்கள். அது மட்டுமல்ல. விடியற்காலையில் களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் நம் பெண்கள் நின்றுகொண்டு போவது இந்தக் குட்டியானைகளில்தான். அந்த வண்டியின் பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்பது அவர்களுடைய உயிர்ப் பிரச்சினை.

ஆகவே, முதலில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று கட்டாயம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எஃப்.சி. இல்லாத வண்டியை முறைப்படி ரிஜிஸ்டர் ஆன வண்டியாகவே சட்டம் கருதாது. 2018 நவம்பரில் வந்த திருத்தத்தின்படி, எட்டு வருஷம் ஆகும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறையும் வண்டியைக் காட்ட வேண்டும்.

பத்து வருஷத்தோடு வண்டி ஒழிந்தது என்ற கதை எங்கிருந்து வந்தது? பத்து வருஷமான டீசல் வண்டிகளைப் பற்றி 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் டில்லி சுற்றுவட்டாரத்துக்குப் பிறப்பித்த உத்தரவிலிருந்து வந்தது. அந்த உத்தரவையும் 2025-இல் சுப்ரீம் கோர்ட்டே தளர்த்தியது. பதினைந்து வருஷத்தோடு ரிஜிஸ்ட்ரேஷன் முடிவு என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சர்க்கார் வண்டிகளுக்கு வந்த விதி. இரண்டையும் சேர்த்துப் பிசைந்து, நம்மூர் காய்கறி வண்டியின் தலையில் கட்டிவிட்டார்கள்.

அப்படியானால் பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வதந்தி பொய்யாக இருக்கலாம். வதந்தியை நம்பவைத்த அனுபவம் பொய் அல்ல.

கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பரில், எஃப்.சி. காலம் தவறினால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று விதி போட்டார்கள். நூறு நாள் வண்டி ஷெட்டில் நின்றால் 5,000 ரூபாய். ரிப்பேருக்குப் பணம் இல்லாமல் நிறுத்தியவன், நிறுத்திய குற்றத்துக்கும் பணம் கட்ட வேண்டும்! 2017-இல் சென்னை ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. 2021 அக்டோபரில் வெளியான விதிகளில் அது மறுபடியும் உள்ளே வந்தது. அதே விதிகளில்தான், பதினைந்து வருஷம் தாண்டிய கனரக லாரிக்கான எஃப்.சி. கட்டணம் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாகத் தாவியது. 2025 நவம்பரில் மீண்டும் ஒரு உயர்வு: இருபது வருஷம் தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 ரூபாய், இலகு ரக வண்டிக்கு 15,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். டாடா ஏஸ் என்ற குட்டியானை சந்தைக்கு வந்தது 2005-இல். முதன்முதலில் வந்தவை இன்று இருபது வருஷத்தைத் தாண்டி நிற்கின்றன. பெரிய கம்பெனிகள் புது லாரிகளை ஓட்டுகின்றன. மூன்றாம் கை, நான்காம் கை வண்டியை ஓட்டுகிறவன் ஏழை. வண்டி வயதாக வயதாகக் கட்டணம் ஏறும் என்றால், அந்தச் சுமை யார் தோளில் ஏறுகிறது?

மிஷின் விஷயமும் இப்படியேதான். தானியங்கிச் சோதனை நிலையம் கட்டாயம் என்பதற்கு 2019-இல் சட்டத்திலேயே வழி செய்தார்கள். 2021 செப்டம்பரில் விதிகள் வந்தன. கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1, நடுத்தர, இலகு ரக வண்டிகளுக்கு 2024 ஜூன் 1 என்று முதலில் தேதி குறித்தார்கள். பிறகு 2024 அக்டோபர் 1 என்று மாற்றினார்கள். கேஸெட்டில் நகல் விதி ஒன்று, இறுதி விதி ஒன்று, தேதி மாற்றம் ஒன்று. அதுவும் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும். எது நகல், எது சட்டம் என்று பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றுகிறவனுக்கு யார் சொன்னார்கள்? வாயைத் திறந்து சொல்ல வேண்டிய சர்க்கார் வாயை மூடிக்கொண்டால், அந்த இடத்தில் வதந்தி வாயைத் திறக்கிறது.

மிஷினை நாம் எதிர்க்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய முறையின் லட்சணம் நமக்குத் தெரியாததா? பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி ஒரு நடை வருவார். பெயிண்டும் ஸ்டிக்கரும் பளபளத்தால் போதும். மிச்சத்தைப் புரோக்கர் பார்த்துக்கொள்வான். உருளையின் மேல் சக்கரத்தை ஏற்றி, எந்தச் சக்கரத்தில் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து காட்டும் மிஷின் அதைவிட மேலானது. அது முகம் பார்க்காது. ஆனால் அந்த மிஷின் யார் கையில் இருக்கிறது? இதுதான் கேள்வி. நிலையம் நடத்துகிறவர் வண்டி விற்பனையிலோ ரிப்பேரிலோ சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்று 2021-ஆம் வருஷத்து விதிகளே தடை போடுகின்றன. ஆபத்து எங்கே இருக்கிறது என்பது விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது! சோதனையில் தேறாத வண்டியை மறுபடி காட்ட மறுபடியும் கட்டணம். தேறாத வண்டி எவ்வளவு அதிகமோ, வசூலும் அவ்வளவு அதிகம் என்ற நிலையில் லாபத்துக்கு நடக்கும் கம்பெனியிடம் நியாயத் தராசைக் கொடுக்கலாமா? சோதனை என்பது ஜனங்களின் உயிரைக் காக்கும் சர்க்கார் கடமை. அதைக் குத்தகைக்கு விடக் கூடாது.

வண்டிக்காரர்களிடமும் நாம் ஒளிவு மறைவின்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டணம் அநியாயம் என்பது உண்மை. அதற்காகத் தேய்ந்த டயரோடும் பிடிக்காத பிரேக்கோடும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது நியாயமாகிவிடாது. வண்டி கவிழ்ந்தால் சாவது யார்? பின்னால் நிற்கும் கூலிப் பெண்கள். சரக்கு வண்டியில் பயணியாக ஏறிச் சென்றவர்களுக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூட வந்தால் சட்டம் காப்பு தருகிறது. வேலைக்குப் போகும் கூலியாட்களுக்கு அந்தக் காப்பு இல்லை. தக்காளிக்காரருக்கு உள்ள பாதுகாப்பு, தக்காளி பறிக்கப் போகிறவளுக்கு இல்லை! பொறுப்பு முழுவதும் வண்டிக்காரன் தலையில் விழும். அவனோ தவணைக்கே தாளம் போடுகிறவன். அவனிடமிருந்து எதை வாங்குவது? இரண்டு ஏழைக் குடும்பங்கள் கோர்ட்டு வாசலில் எதிரெதிரே நிற்கும். ஆளை வரவழைத்த காண்டிராக்டரும் பண்ணைக்காரரும் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே இந்தப் பிரச்சினையில் வண்டிக்காரரும் கூலிக்காரரும் எதிரிகள் அல்ல. பிரேக் பிடிக்கும் வண்டி இருவருக்கும் வேண்டும். கட்டுபடியாகும் கட்டணம் இருவருக்கும் நல்லது. ஏறிய கட்டணம் கடைசியில் வாடகையாகவும், வாடகை கூலியில் பிடித்தமாகவும்தான் வந்து விடியும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது என்ன? வதந்தியைக் கேட்டு யாரும் வண்டியை விற்க வேண்டாம். புரோக்கரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். எஃப்.சி. முடியும் தேதியைப் பார்த்து, அதற்கு முன்பே விண்ணப்பம் போடுங்கள். ஒரு நாள் தவறினாலும் அபராதம் ஓடத் தொடங்கும். "புது விதி" என்று யார் சொன்னாலும், கேஸெட் அறிவிப்பின் தேதியைக் கேளுங்கள். அது நகலா, இறுதி விதியா என்று கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 212-வது பிரிவுப்படி விதிகளை முன்கூட்டி வெளியிட்ட பிறகே இறுதியாக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல அதுதான் நேரம். முதலாளிமார் சங்கங்கள் அந்த நேரத்தைத் தவறவிடுவதில்லை. நாம் மட்டும் ஏன் தவறவிட வேண்டும்? நகல் வெளியானதும் மோட்டார் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து ஆட்சேபம் எழுதி அனுப்பட்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பவை இவை:

1. வண்டிச் சோதனை பற்றிய ஒவ்வொரு நகல் விதியும் தமிழில் அச்சாகி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

2. சோதனை மிஷின்கள் சர்க்கார் நிர்வாகத்தில், ஒரு நாள் கூலி கெடாமல் போய்வரக்கூடிய தூரத்தில் அமைய வேண்டும்.

3. ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டுபவருக்கு வயது பார்த்து ஏற்றிய கட்டணமும், நாள் கணக்கில் ஓடும் அபராதமும் ரத்தாக வேண்டும்.

4. தேறாத வண்டிக்குக் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் மறுசோதனை இலவசமாக வேண்டும். பிரேக், டயர் மாற்றக் கூட்டுறவு பாங்கில் குறைந்த வட்டிக் கடன் வேண்டும்.

5. ஆட்களை வேலைக்கு அழைக்கும் ஆலையும் பண்ணையும் காண்டிராக்டரும் உட்கார்ந்து போகும் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். இன்சூரன்ஸும் அவர்கள் பொறுப்பாக வேண்டும்.

இவற்றில் எது அதிகப்படியான கோரிக்கை? வண்டி நன்றாக இருக்க வேண்டும். அதை ஓட்டுகிறவன் பிழைக்க வேண்டும். அதில் ஏறியவள் மாலையில் குழந்தைகளிடம் வந்து சேர வேண்டும். இவ்வளவுதான் நாம் கேட்பது.

டீக்கடையில் இந்தப் பேச்சு மறுபடி எழும்போது, இந்த விவரங்களை எடுத்துச் சொல்லுங்கள். கிராமத்தில் அடுத்த சங்கக் கூட்டம் நடக்கும்போது, கூலியாட்களோடு வண்டிக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பீதியில் ஒவ்வொருவனும் தனித்தனியாக ஓடுகிறான். விஷயம் தெரிந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்கிறார்கள். ஒன்றாகக் கேட்பவர்களுக்குச் சர்க்கார் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.