நூற்றுக்கு இரண்டு பேராம்

இந்தியாவில் ஆஸ்துமா எத்தனை பேருக்கு என்று கேட்டால் நூற்றுக்கு இரண்டு பேர் என்பார்கள். 12 மையங்களில் 1,69,575 பேரிடம் கேள்வி கேட்டு 2012இல் வெளியான ஆய்வு அப்படித்தான் சொன்னது: 15 வயதைத் தாண்டியவர்களில் 2.05 சதவீதம். 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண்கள் 1.9 சதவீதம், ஆண்கள் 1.2. இந்த எண்களை எனக்கு நம்ப முடியவில்லை. "இல்லை" என்று பொய் சொன்னவள் நான்.

ஒன்பது வயதில் எனக்கு இழுப்பு வந்தது. அந்தச் சொல்லை அம்மா வாயில் எடுத்ததே இல்லை. வீட்டில் அதற்குப் பெயர் "சளித் தொந்தரவு". மருந்துச் சீட்டில் ஆஸ்துமா என்று எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் கெஞ்சுவாள். அவரும் "அலர்ஜி" என்று எழுதிக் கொடுப்பார். பெண் பார்க்க வந்த அன்று என் இன்ஹேலர் அரிசிப் பானைக்குள் கிடந்தது. கல்யாணமாகி ஏழு மாதம், குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத்தான் மருந்தை உறிஞ்சினேன். சத்தம் வெளியே கேட்கக்கூடாதே. அந்த நாட்களில் ஏதோ ஒரு கணக்கெடுப்புக்காக ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, ஆஸ்துமா இருக்கா? மாமியார் என் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். தனியாகக் கேட்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். ஒற்றை அறை வீட்டில் தனி எங்கே இருக்கிறது?

அம்மாவுக்கு இரைப்பு வந்தது ஐம்பதைக் கடந்த பிறகு. முப்பது வருடம் விறகடுப்பு ஊதியவள். புகை கக்கும் எரிபொருளில் சமைத்தால் ஆஸ்துமா வாய்ப்பு கூடும் என்று அந்த 2012 ஆய்வே சொல்கிறது. ஆனால் குடும்ப நல ஆய்வு பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது 49 வயது வரைதான். பிள்ளை பெறும் வயது முடிந்தால் எங்கள் மூச்சும் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது.

"பெண்கள் எண்ணிக்கைதானே கூடுதலாக இருக்கிறது, அப்புறம் என்ன மறைக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. சிறுவயதில் இந்த நோய் பையன்களுக்கே அதிகம். பூப்புக்குப் பிறகு பெண்களுக்கு அதிகம். மாதவிலக்கை ஒட்டி இழுப்பு கூடுகிற பெண்கள் இருக்கிறார்கள். எனக்குக் கூடும். இதை ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்க எனக்கு 34 வயதாக வேண்டியிருந்தது. அதுவரை "டென்ஷன் ஆகாதேம்மா" என்பதே வைத்தியம். சொல்லத் துணிந்தவர்கள் மட்டுமே 1.9 என்றால் சொல்லாதவர்கள் எத்தனை பேர்?

சாவைப் பாருங்கள். உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019 மதிப்பீட்டில் இந்தியாவில் ஆஸ்துமாக்காரர்கள் சுமார் 3.43 கோடி, உலக நோயாளிகளில் சுமார் 13 சதவீதம். உலகின் ஆஸ்துமாச் சாவுகளிலோ நம் பங்கு 42 சதவீதத்துக்கும் மேல். தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் நிற்கிற நோய் இது. ஆனால் வியாதி என்று ஒப்புக்கொண்டால்தானே மருந்து? "இன்ஹேலர் பழகிடும், அப்புறம் விடவே முடியாது" என்ற கதை வேறு. அது எங்கள் தெருவில் மாத்திரையையும் கஷாயத்தையும் நன்றாக விற்றுக் கொடுக்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 2015-16இல் அதே குடும்ப நல ஆய்வு பெண்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தது. சர்க்கரை பார்த்தது, ரத்த அழுத்தம் பார்த்தது. ஊதிப் பார்க்கச் சொல்லவில்லை. பீக் ஃப்ளோ மீட்டர் சில நூறு ரூபாய். அது மாமியாருக்குப் பயப்படாது. இழுப்பு இல்லாத நாளில் அது சரியாகவே காட்டும், ஒரு ஊதலில் ஆஸ்துமா பிடிபடாது என்பதும் தெரியும். அப்படியானால் கேள்வியை மாற்றுங்கள். ஆஸ்துமா இருக்கா என்று நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தப் பெயருக்குத்தான் வரன் தட்டிப்போகிறது. ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தீர்களா, தாளிக்கும்போது நெஞ்சை அடைக்கிறதா, தண்ணீர்க் குடத்தை வழியில் எத்தனை இடத்தில் இறக்கி வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஐம்பது தாண்டியவளிடமும் கேளுங்கள். காய் நறுக்குகிறவரைக் கொஞ்ச நேரம் கடைக்கு அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.