தாராக்குஞ்சும் ஆராய்ச்சி மணியும்

சிறுவர் இலக்கியம் பற்றி எம்மவரிடையே ஓர் எண்ணம் வேரூன்றியுள்ளது. ஒதுக்கப்பட்ட பிராணியொன்று அன்பை நாடி அலைவதாகவும் ஈற்றில் அதனைப் பெறுவதாகவும் வண்ணப்படங்களுடன் ஒரு கதையை அமைத்துவிட்டால், பிள்ளையின் உள்ளத்தில் மனிதாபிமானம் தானே முளைத்துவிடும் என்பதே அது. இவ்வெண்ணத்திற் பாதி உண்மை. மறுபாதி தீங்கு பயப்பது.

இத்தகைய கதைகளுட் பெரும்புகழ் பெற்றது ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன் 1843 இல் வெளியிட்ட அழகற்ற தாராக்குஞ்சின் கதையாகும். அவர் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகன். தாயார் ஆடை வெளுத்துப் பிழைத்தவர். ஒதுக்கப்படுதலின் வலியை அவர் நன்கறிவார் என்பதற்குக் கதையின் முற்பகுதியே சான்று. உடன்பிறப்புகள் வெறுக்கின்றன, முற்றத்துக் கோழிகள் கொத்துகின்றன, தீனியிடும் பெண்ணும் உதைக்கிறாள். ஆயின் முடிவு யாது? அக்குஞ்சு உண்மையில் அன்னம் என்று தெரியவந்ததும் துன்பமெல்லாம் தீர்கிறது. அது அன்னமாகாது வெறும் அழகற்ற தாராவாகவே வளர்ந்திருப்பின் அதன் கதி என்ன? கதை இதற்கு விடை கூறாது. கொத்திய கோழிகளும் திருந்தவில்லை. குலமறியாது கொத்தியதே பிழை, கொத்தியது பிழையன்று என்னும் பொருளே எஞ்சுகிறது. பிறப்பினால் உயர்வு கற்பிக்கும் சமுதாயத்துக்கு இதனினும் இனிப்பான கதை வேறு வேண்டுமோ?

இனி எமது மண்ணுக்கு வருவோம். வடமொழி இதோபதேசத்தைத் தமிழ் உரைநடையில் ஆக்கித் தந்தவர் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922). புலவரின் புலமையைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. நாராயண பண்டிதர் தொகுத்த அக்கதைகளின் நீதியையே நாம் வினவுகிறோம். வண்ணானின் கழுதை, கள்வன் புகுந்தமை கண்டு, தன் எசமானை எழுப்பக் கத்துகிறது. நாயின் வேலையைத் தான் செய்தமையால் அடிபட்டு மடிகிறது. நீலச் சாயம் படிந்து அரசாண்ட நரி, தன் இனத்தின் குரலெழுப்பியதும் கொல்லப்படுகிறது. முனிவரால் புலியாக்கப்பட்ட எலி, அவரையே கொல்ல முயன்று மீண்டும் எலியாகிறது. மூன்று கதைகள், நீதி ஒன்றே. அவரவர் நிலையில் அவரவர் கிடக்கவேண்டும்! தலைமுறை தலைமுறையாக இவற்றைக் கேட்டு வளர்ந்த சமுதாயம் எத்தகையதாயிருக்கும்?

விடையைத் தேடித் தூரம் செல்லவேண்டியதில்லை. நா. பொன்னையா 1930 இல் ‘ஈழகேசரி’யைத் தொடங்கி, அச்சும் தமிழும் வளரச் செய்த ஊர் சுன்னாகம். அவ்வூரிலிருந்தே 1966 ஒக்ரோபர் 21 ஆந் திகதி தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேறியிருந்தும், தேநீர்க்கடையிலும் ஆலயத்திலும் கதவு திறக்கவில்லை. பொலிசாரின் தடியடிக்கும் ஊர்வலம் கலைந்துவிடவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலும் போராட்டம் எழுந்தது. இவர்கள் எவரிடமும் அன்பை யாசிக்கவில்லை என்பதை ஊன்றி நோக்குக. மற்றவர் பருகும் பேணியையும் மற்றவர் அமரும் இருக்கையையும் மற்றவர் நுழையும் வாயிலையும் உரிமையாகவே கேட்டனர். தாம் அன்னமென்று எவருக்கும் நிரூபிக்கவும் முற்படவில்லை.

“பிஞ்சு உள்ளத்தில் இவற்றையெல்லாம் திணிக்கலாமா? கதை கதையாகவே இருக்கட்டும்” என்பார் உளர். யாருடைய பிஞ்சு உள்ளம்? ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை, எழுத்தறியுமுன்னரே ஒதுக்கலை அறிந்துவிடுகிறது. அறியாதிருக்கும் சலுகை மற்றப் பிள்ளைக்கே உண்டு. அன்றியும், கழுதையென்றும் நாயென்றும் வைது வளர்க்கும் நாம், கதையில் மட்டும் கழுதைக்குக் கண்ணீர் சிந்தச் சொல்வது போலியன்றோ?

அன்பு வேண்டாம் என்பது எமது வாதமன்று. அன்பைக் கொடுப்பவன் மேலும் பெறுபவன் கீழுமாக நிற்கும் நிலையைப் படம் போட்டுக் காட்டுவதே வேண்டாம் என்கிறோம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் நாம் கொண்டாடுகிறோம். மயிலும் முல்லையும் அழகியவை. தேரைக்குப் போர்வை ஈந்தார் எவருமில்லை. மேலும், ஈகை ஈவோனின் மனத்தைப் பொறுத்தது, நீதி அவ்வாறன்று. மனுநீதிச் சோழன் கதையில் கன்றை இழந்த பசு அரசனிடம் அன்பை இரக்கவில்லை. ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்டது. அதுவே எமது பிள்ளைகளுக்கு ஏற்ற கதைப்பொருள். எனினும் அங்கு மணியடித்ததும் யாவரும் வணங்கும் பசுவே.

எமது எழுத்தாளரும் ஓவியரும் இனி ஆக்கவேண்டிய படநூலில் கழுதை மணியடிக்கட்டும். காகமும் தேரையும் அதற்குத் துணைநிற்கட்டும். அவை அன்னமாக மாறவேண்டியதில்லை. கொத்திய கோழிகளே மாறவேண்டும்.