வானொலியும் உதைபந்தும்

உதைபந்தாட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிவடைகின்றது என்று விதிநூல் சொல்லலாம். ஆனால் மத்தியஸ்தரின் கடைசி விசில் ஒலித்து, ஆட்டக்காரர் உடைமாற்றப் போய், மைதானத்துச் செம்மண் புழுதி அடங்கிய பின்னரும், வேலியோரம் நின்று பார்த்த இரசிகனின் உள்ளத்தில் அந்த ஆட்டம் முடிவதில்லை. தான் கண்டதை அவன் இன்னொருவனிடம் சொல்ல வேண்டும்; அந்த இன்னொருவன் அதை மறுக்க வேண்டும்; மறுத்தவனைத் தன் பக்கம் இழுக்க வேண்டும்; அது கைகூடாவிட்டால் மறுநாளும் அதே சந்தியில் கூடி வாதத்தைத் தொடர வேண்டும். இந்தச் சம்பாஷணையே ஒரு கழகத்தை அதன் ஊரோடு பிணைத்து வைத்திருக்கிறது என்பதும், வெற்றிக் கிண்ணங்களெல்லாம் அதற்கு அடுத்த ஸ்தானத்திலேயே நிற்கின்றன என்பதும் என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம்.

இந்த உண்மையை உணர்ந்து, அந்தச் சம்பாஷணைக்கென்றே ஓர் ஆசனம் அமைத்துக் கொடுத்தவர்கள் இங்கிலாந்தின் உள்ளூர் வானொலிக்காரர். வெட்னஸ்டே, யுனைட்டெட் என்ற இரு பெருங் கழகங்களுக்கிடையே குடும்பங்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும் உருக்கு நகரமான ஷெஃபீல்டில், பிபிசியின் உள்ளூர் நிலையம் 1980களிலேயே, ஆட்டம் முடிந்த மாலையில் இரசிகர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டவும் குறைகூறவும் இடமளிக்கும் ‘பிரெய்ஸ் ஓர் கிரம்பிள்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டது. 1991ஆம் ஆண்டில் அதே எண்ணம் நாடு முழுவதற்குமாக விரிந்து, மாலை 6 மணி 6 நிமிடத்துக்கு ஆரம்பமானதால் அந்த இலக்கத்தையே பெயராகக் கொண்ட ‘606’ என்ற நிகழ்ச்சியாயிற்று. டானி பேக்கர் என்பவர் அதன் முதல் தொகுப்பாளர்.

என் தமக்கையின் மகன் ஒருவன் ஷெஃபீல்டில் பெற்றோல் நிலையமொன்றில் வேலைக்கமர்ந்திருந்த காலத்தில், சனிக்கிழமை மாலைகளில் காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் ஒரு சிறிய வானொலியை வைத்து ‘பிரெய்ஸ் ஓர் கிரம்பிள்’ நிகழ்ச்சியைக் கேட்பானாம். பெற்றோல் அடிக்க வருபவர்கள், பணத்தைக் கொடுத்த பின்னரும் போகாமல், அழைத்தவர் பேசி முடிக்கும்வரை கதவடியில் நின்று கேட்டுவிட்டு, அதற்குத் தாங்களும் ஒரு மறுமொழி சொல்லிவிட்டே காரில் ஏறுவார்களாம். ஒருவர் பயிற்றுநரின் மீது சீறுவார். அடுத்தவர், காலஞ்சென்ற தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக மைதானத்தினுள் நுழைந்த நாளைச் சொல்லிக் குரல் தழுதழுப்பார். அந்நகரத்தாரின் உச்சரிப்பையும், அவர்களுடைய கோபத்தையும், அந்தக் கோபத்தினடியில் ஓடும் பிரியத்தையும் அவன் அறிந்துகொண்டது அங்கேதான். “மாமா, வெண்டால் சனம் ரெண்டு வசனத்தோட நிப்பாட்டிப்போடும், தோத்தால்தான் மனசைத் திறந்து கதைக்கும்” என்று அவன் ஒருமுறை என்னிடம் சொன்னது, இரசிகர்களைப் பற்றி நான் கேட்ட வாக்கியங்களுள் மிகவும் மெய்யானது.

வானொலி விளையாட்டுக்குள் பிரவேசித்த கதையை எண்ணிப் பார்க்குந்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகிறது. பிரிட்டனில் ஓர் உதைபந்தாட்டம் முதன்முதலாக நேரடி வர்ணனையோடு ஒலிபரப்பானது 1927ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி; ஆர்செனல் கழகமும், மேலே சொன்ன அதே ஷெஃபீல்ட் யுனைட்டெட் கழகமும் ஹைபரி மைதானத்தில் ஆடிச் சமநிலையில் முடித்த ஆட்டம் அது. பந்து எங்கே நிற்கிறது என்பதை வீட்டிலிருப்போர் அறியும்பொருட்டு, மைதானத்தை இலக்கமிட்ட கட்டங்களாகப் பிரித்த படமொன்றை ‘ரேடியோ டைம்ஸ்’ சஞ்சிகை முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. அந்த உதைபந்தாட்டத்துக்கு ஒரு வாரம் முன்னர், றக்பி ஆட்டமொன்றை வர்ணித்த கப்டன் வேக்லம் என்பவரின் முன்னால், கண்பார்வையற்ற ஒருவரை உட்காரவைத்து, இவருக்கு விளங்கும்படி சொன்னாற் போதும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். காண இயலாத ஒருவருக்காகக் காண்பவர் ஒருவர் சிரத்தையோடு பேசுவது என்னும் தர்மத்தில் தொடங்கிய கலை இது. அந்தக் கேட்பவருக்கும் வாய் உண்டு என்பதை நினைத்துக்கொள்வதற்கு அதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

நம்முடைய தேசமோ வானொலியில் பிந்தியதன்று. ஹைபரியில் அந்த வர்ணனை ஒலிப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1925 டிசம்பரில், கொழும்பில் ஒலிபரப்பு முறைப்படி ஆரம்பமாகிவிட்டது. பின்னர் இலங்கை வானொலி என்று நாம் உரிமையோடு அழைத்த அந்த ஸ்தாபனம், எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் முதலியோரின் குரல்களால் கடலுக்கு அப்பாலும் வீடுவீடாகப் புகுந்தது. தொலைபேசி என்பது தபாற்கந்தோரிலும் சில பெரிய வீடுகளிலும் மட்டும் இருந்த அந்நாளில், எங்கள் ஊரான உரும்பிராயின் இளைஞனுக்கு வானொலியோடு பேசக் கிடைத்த ஒரே வாய் தபாலட்டை. விரும்பிய பாடலின் பெயரையும், அதன் கீழே நண்பர்களின் பெயர்களையும் இடம் போதாமல் நுணுக்கி நுணுக்கி எழுதிப் போட்டுவிட்டு, அந்தப் பெயர்கள் வாசிக்கப்படும் நாளுக்காகக் காத்திருப்போம். கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்று ஊர்கள் வரிசையாக வந்து, உரும்பிராய் என்ற பெயர் காதில் விழுந்த கணத்தில், சனசமூக நிலையத்து வாங்கில்களில் இருந்த அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பாட்டு அதற்குப் பிறகுதான்.

விளையாட்டு வர்ணனையைத் தமிழில் கேட்கும் பாக்கியமும் நமக்குக் கிட்டியது. எழில்வேந்தனின் குரலைக் கொழும்பிலிருந்தும், அப்துல் ஜப்பார், கூத்தபிரான் ஆகியோரின் குரல்களைச் சென்னையிலிருந்தும் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஆயினும் அவை பெரும்பாலும் கிரிக்கெட்டுக்கு உரியனவாயிருந்தன. உதைபந்தைத் தேடிய எங்கள் ஊர்ப் பெரியவர்கள், சனிக்கிழமை இரவு 10 மணி கடந்ததும், சிற்றலையில் லண்டனைப் பிடிக்க முயல்வார்கள். பிபிசி உலக சேவையில் பாடி ஃபீனி என்ற தொகுப்பாளர் நடத்திய விளையாட்டு நிகழ்ச்சியின் முடிவில் ஆங்கிலக் கழகங்களின் பெறுபேறுகள் வாசிக்கப்படும். இரைச்சலினூடே அவற்றைக் கேட்டெடுத்து, கொப்பியொன்றில் குறித்துவைத்து, ஞாயிறு காலையில் சந்தித் தேநீர்க்கடையில் ஓதிக்காட்டும் ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு வாய்த்திருந்தார். தாங்கள் ஒருபோதும் காணப்போகாத மைதானங்களில் ஆடிய கழகங்களுக்காக, வாழைக்குலை ஏற்றிய சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, சந்தைக்குப் போகும் நேரத்தையும் மறந்து தர்க்கித்த தோட்டக்காரரை நான் கண்டிருக்கிறேன்.

பின்னர் யுத்தம் வந்தது. 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. அந்த இருண்ட வருஷங்களில் எங்கள் ஜனங்கள் கண்டுபிடித்த உபாயம் உலக வானொலிச் சரித்திரத்திலேயே எழுதிவைக்கத் தக்கது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்திவிட்டு, அதிலிருந்து இரண்டு வயர்களை வானொலிக்குக் கொடுத்து, ஒருவர் கையால் பெடலைச் சுழற்றுவார். சுழற்றும் வேகம் குறைந்தால் குரல் கம்மும், கூடினால் கரகரக்கும். ஆகையால் சீராகச் சுழற்றத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. இரவு 9.15க்கு லண்டன் தமிழோசையை அவ்விதமே கேட்டோம். 1994 ஜூலையில் பிரேசிலும் இத்தாலியும் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மோதியபோது இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி. எங்கள் முற்றத்தில் பாய் விரித்து இளைஞர் பலர் கூடியிருக்க, ஆங்கிலம் அறிந்த ஒருவர் வானொலியோடு காதை ஒட்டிவைத்து, கேட்டதைக் கேட்டவுடன் தமிழில் சொன்னார். கோலின்றி ஆட்டம் நீண்டதால் பெடல் சுழற்றியவர்களுக்கு முறைவைத்துக் கை மாற்ற வேண்டியதாயிற்று. ரொபேர்ட்டோ பாஜியோ தண்ட உதையைக் கம்பத்துக்கு மேலே அனுப்பிவிட்டார் என்று அவர் சொன்னதும், சிலர் துள்ளினர். சிலர் தலையில் கைவைத்தனர். அதன்பின் வானொலி நிறுத்தப்பட்டும் ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்த உதையை வேறு யார் எடுத்திருக்க வேண்டும் என்ற வாதம், தோட்டத்து இறைப்புக்குப் போகவேண்டியவர்கள் எழும்பும் நேரம்வரை நடந்தது. படத்தைக் கண்ணாற் காணாமலே இவ்வளவு பேசினார்களே என்று பிற்காலத்தில் சிலர் அதிசயித்தனர். பேசியது வெறும் ஆட்டத்தைப் பற்றியன்று. குண்டுவீச்சும் இடப்பெயர்வும் நிறைந்திருந்த காலத்தில், உலகத்தார் கதைக்கும் ஒரு விஷயத்தில் எங்களுக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு என்பதை அந்த இரவில் ஸ்தாபித்துக்கொண்டோம்.

சமாதான காலத்து மைதானங்களில் வானொலியின் வேலையை ஒலிபெருக்கியே செய்துவருகிறது. மின்னொளியில் நடக்கும் சுற்றுப்போட்டிகளில், நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனீஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், எங்கள் அயலூரான ஊரெழுவின் றோயல் போன்ற கழகங்கள் மோதும் இரவுகளில், அறிவிப்பாளரின் மேசைக்கு இரசிகர்கள் துண்டுக் கடதாசிகளை நீட்டியவண்ணம் இருப்பார்கள். அடுத்த கோலை அடிப்பவருக்கு இன்னார் இவ்வளவு ரூபா பரிசு தருகிறார் என்பது ஒரு துண்டு. வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் ஆட்டத்தின் போக்கை விசாரித்த பழைய ஆட்டக்காரர் தன் கழகத்தை வாழ்த்துகிறார் என்பது இன்னொன்று. பந்து வெளியே போயிருக்கும் சிறு இடைவேளையில் அறிவிப்பாளர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பார். ஷெஃபீல்டில் தொலைபேசி செய்ததை இங்கே அந்தத் துண்டுக் கடதாசி செய்கிறது. ஆனால் அதில் வாழ்த்துக்கு இடமுண்டு, வாதத்துக்கு இடமில்லை. “அண்ணை, அது ஓஃப்சைட் எண்டு ஊருக்கே தெரியும்” என்று கொதிப்பவனின் குரல் வேலியைத் தாண்டிப் போவதில்லை.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் கைத்தொலைபேசி குடாநாடெங்கும் பரவி, இன்று அது இல்லாத கை அரிது. யாழ்ப்பாணத்தின் துரையப்பா விளையாட்டரங்கும் இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 ஜூன் 18ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. தமிழ்ப் பண்பலை நிலையங்களும் நாடெங்கும் ஒலிக்கின்றன. நேயர்கள் அழைத்துப் பாட்டுக் கேட்கிறார்கள், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறார்கள், வினாக்களுக்கு விடையளித்துப் பரிசு பெறுகிறார்கள். கருவி இருக்கிறது, கழகம் இருக்கிறது, கதைக்க ஆசைப்படும் ஜனமும் இருக்கிறது. இவை மூன்றையும் ஓரிடத்தில் சேர்க்கும் அரைமணி நேரத்தையே நான் வேண்டுகிறேன். வடபுலத்துக் கழகங்களின் இறுதியாட்டம் நடந்த இரவில், வென்ற ஊராரும் தோற்ற ஊராரும் ஒரே அலைவரிசையில் அழைத்து, மரியாதை குன்றாமல் தர்க்கிப்பதற்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும். இறுதியாட்டங்களிற் கைகலப்பு நேர்வதைக் கண்டு நாம் எல்லோரும் வருந்துகிறோம். ஆற்றாமையைச் சொல்லித் தீர்க்க ஒரு நியாயமான வழி கிடைத்தவன் கல்லை எடுப்பது குறையும் என்பது என் நம்பிக்கை. தொலைபேசியிற் பேசும்போது தன் ஊரின் பெயரைச் சொல்லியல்லவா ஒருவன் ஆரம்பிக்க வேண்டும்? அந்தப் பெயரே அவன் நாவுக்குக் காவலாயிருக்கும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அது இதனிலும் அவசரமானது. நிக்கர் அணிந்து வெறுங்காலோடு ஆடியவர்களையும், அவர்களைக் காண மைல்கணக்கில் நடந்தவர்களையும் அறிந்த முதியவர்கள் ஊர்தோறும் இன்னும் சிலரே இருக்கிறார்கள். எந்தக் கழகம் எந்த மரத்தடியில் தொடங்கியது, முதற் பந்தை வாங்கப் பணம் சேர்த்தவர் யார், எந்த ஆட்டத்தில் நடந்த அநியாயத்தை அவர்கள் இன்னும் மன்னிக்கவில்லை என்பன எந்தப் பத்திரிகையிலும் முழுமையாகப் பதிவாகவில்லை. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் எண்ணிம வடிவில் பாதுகாத்து வருகிறது. இளைஞர்கள் தம் கைத்தொலைபேசியை அந்த முதியவர்களின் முன் வைத்து, கேள்விகளைக் குறைத்து, அவர்கள் கதைப்பதை முழுவதும் கேட்டுப் பதிந்து அங்கே சேர்ப்பித்தால், நாளை ஒரு வானொலி நிலையம் முன்வரும்போது முதல் நிகழ்ச்சிக்கான திரவியம் கைவசம் இருக்கும். கழகங்களின் செயலாளர்மார் இதனை அடுத்த பொதுக்கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, யார் யாரைப் பதிவு செய்வது என்று அன்றைக்கே பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுப்பார்களாக.