நம் சிபிலை யார் யார் பார்க்கிறார்கள்?

ஊத்துக்குளியில் தறி வாங்கக் கடன் கேட்டாலும், பனியன் கம்பெனிக்குப் போய்வர வண்டி எடுத்தாலும், முதல் கேள்வி 'சிபில் எவ்வளவு?' என்பதுதான். 300 முதல் 900 வரையுள்ள அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் எந்த மாதம் டியூ தவறியது, யாருக்கு ஜாமீன் நின்றோம், எத்தனை இடத்தில் கடன் கேட்டோம் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

இந்தப் பதிவுக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்ல முடியாது. கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. அனுமதியின்றிப் பிறர் விவரத்தைப் பார்ப்பது அதன்படி குற்றம். பிழை இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமை கடன் வாங்கியவருக்கு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று 2016-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் இன்னொரு படி மேலே போய், புகார் 30 நாளில் தீராவிட்டால் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்றது. நம் அறிக்கையை யாராவது எடுத்துப் பார்த்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்பதும் அந்த ஆண்டின் உத்தரவுதான். அந்தச் செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறோம்.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. தவணையில் செல்போன் வாங்கப் போனவர் கடையில் விட்டுவந்த ஆதார், பான் நகல் எத்தனை ஏஜென்ட் கைக்குப் போகிறது? ஒரே விண்ணப்பம் நாலைந்து நிதி நிறுவனங்களுக்குப் போனால், ஒவ்வொன்றும் சிபிலைப் பார்க்கும். பார்க்கப் பார்க்க மதிப்பெண் இறங்கும். போன் ஒன்றுதான் வாங்கினார் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

மகளிர் குழுக் கடன் இதைவிடச் சங்கடமானது. தவணை கட்டாதவர் பெயரை மற்றவர் முன்னால் சொல்லி வெட்கப்பட வைப்பது வசூலின் ஒரு வழியாகவே பழகிவிட்டது. கடன் வாங்கியவர் பெயரைப் பகிரங்கப்படுத்துவதையும், உறவினர், உடன் வேலை செய்பவர்களைத் தொல்லை செய்வதையும் ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகள் தடை செய்கின்றன. வசூலுக்கு வருபவரோடு குழுத் தலைவியும் சேர்ந்து குரல் கொடுக்கும் வரை அந்த விதி காகிதத்தில்தான் இருக்கும்.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் முழுக்க நம்பியிருக்க முடியாது. கடன் தவறியவரின் சொத்து, கடன் விவரங்களை அறிவதற்கு, பிற சட்டங்களுக்கு உட்பட்டு, அதில் விலக்கு இருக்கிறது. ஆனால் வேலை போய் இரண்டு டியூ தவறியவருக்குத்தான் மறைப்பு அதிகம் தேவை. அந்த விலக்கின் எல்லையை நாடாளுமன்றம் இன்னும் தெளிவாக வரையறுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. கடன் மறுக்கப்பட்டவரின் நகல்களைக் கடைக்காரர் திருப்பித் தரலாம். கம்பெனி அலுவலகங்கள் பி.எஃப்.புக்காக வாங்கிய பான் எண்ணை வேறெவருக்கும் கொடுக்காமலிருக்கலாம். சுற்றுவட்டார ஊராட்சிகள் கிராம சபையில் இதைப் பேசலாம். கம்ப்யூட்டர் சென்டரில் அறிக்கை எடுப்பவர்கள் ஓ.டி.பி.யைத் தாங்களே தட்டிவிட்டு, அங்கே இறக்கிய கோப்பைக் கண்ணெதிரே அழிக்கச் சொல்ல வேண்டும். தெரியாத கடன் ஏதும் அதில் இருந்தால் வங்கி மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது போதாது. எழுத்தில் புகார் கொடுத்து, எண் வாங்க வேண்டும். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். அதன் பிறகும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அவர் வரம்புக்குள் வந்துவிட்டன.