வாங்குறதுதான் வாங்குறோம், பெருசா வாங்கலாமா?

கால்கரியில் இருந்து ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலியைத் தவிர நலமாக இருக்கிறேன்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த வாக்குவாதம் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருக்கும் என் சின்னவன் ஸ்னோமொபைல் வாங்கப் போகிறான். மலையில் ஓட்டுவதற்கு. 600 சிசி வாங்குவதா, 850 சிசி வாங்குவதா என்று குரூப்பில் கேட்டான். கேட்டிருக்கவே கூடாது. பனியை சினிமாவில் மட்டுமே பார்த்த ஒன்பது பேர் பத்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "வாங்குறதுதான் வாங்குற, பெருசாவே வாங்கிப் போடு." நான் "600 போதும்" என்று போட்டேன். அதற்கு என் கொழுந்தனார், "அண்ணிக்கு டிவிஎஸ் 50-ஐத் தாண்டி என்ன தெரியும்?" என்று எழுதி நாலு சிரிப்புப் பொம்மை வைத்தார். அந்த நாலு பொம்மைக்குத்தான் இந்த நீண்ட பதில். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அது என்ன வண்டி என்று தெரியாதவர்களுக்கு. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டை. பின்னால் டிராக்டர் கனத்தில் ரப்பர் பட்டை, அதை 'டிராக்' என்பார்கள். மலைக்கான வண்டியில் அந்த டிராக்கில் இரண்டரை, மூன்று அங்குல உயரத்துக்குப் பல் நிற்கும். அந்தப் பல்தான் பனியைத் துடுப்புப் போல வாரித் தள்ளி வண்டியை ஏற்றுகிறது. பெட்ரோல் போடாமலே ஏறக்குறைய 200 கிலோ. பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். ஸ்டார்ட் பண்ணியதும் வந்த வாசனை, சத்தியமாக என் பழைய டிவிஎஸ் 50 வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரம் மாதிரியே இருந்தது.

இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற ஊரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றுக்குள் நோய்த்தொற்று பரவியது. பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை, பிள்ளை இறந்துபோனது. ஏற்கெனவே பனி வண்டி செய்து பார்த்துக்கொண்டிருந்தவர் அதன் பிறகு விடவே இல்லை. 1937-இல் ஏழு பேர் உட்காரும் வண்டி செய்தார். 1959-இல் இன்றைக்கு எல்லோரும் ஓட்டுகிற சிறிய 'ஸ்கி-டூ' வந்தது. பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்க நினைத்தவர் செய்த வண்டி இது. இப்போது என் பிள்ளையை அது எங்கே கொண்டுபோகும் என்று நான் கவலைப்படுகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஆறாம் வகுப்பில் நான் நடத்தியதுதான், உயரம் போகப் போகக் காற்று மெலிந்துவிடும். இன்ஜினும் மூச்சு விடுகிற பிராணி. ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தி குறையும். கொலம்பியா மலைகளில் இவர்கள் ஓட்டுகிற இடம் 2000 மீட்டர், அதாவது 6500 அடிக்கு மேல். அப்படியானால் ஏறத்தாழ 20 சதவீதம் போய்விடும். இப்போது போடுங்கள் பிள்ளைகளே. 600 சிசி வண்டி தரைமட்டத்தில் சுமார் 125 குதிரைத்திறன், மேலே அது 100. 850 சிசி வண்டி சுமார் 165, மேலே அது 132.

இதில் பெரிய வண்டிக்காரர்கள் சொல்லும் நியாயத்தை நான் மறைக்க மாட்டேன். "850 வாங்கினால்தான் மேலே போனதும் கீழே 600 ஓடுகிற மாதிரியாவது ஓடும்" என்கிறார்கள். கணக்குச் சரிதான். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் ஸ்கி-டூ கம்பெனியே டர்போ பொருத்தி விற்கிறது. உடம்பு கனமானவர்கள், 165 அங்குல நீள டிராக் போட்டு இடுப்பளவு புதுப்பனியில் செங்குத்தாக ஏறுகிறவர்கள் ஆகியோருக்கு 600 திணறும். அவ்வளவு நீளப் பட்டையைச் சுழற்ற அதற்குத் தெம்பு பற்றாது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. என் டிவிஎஸ் 50-இல் பின்னால் உட்கார்ந்து வந்த கணக்கு டீச்சர் எத்தனை வளைவில் இறங்கி நடந்தார்கள் என்று அவர்களையே கேளுங்கள். சின்ன இன்ஜினின் குறை எனக்குத் தெரியாததல்ல.

ஆனால் குரூப்பில் யாரும் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது ஷூ கணக்கு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பார்ப்பேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் ஒரு சைஸ் பெரிய ஷூவில் வருவார்கள். "வளர்ற பிள்ளைங்க டீச்சர், அடுத்த வருசத்துக்கும் ஆகும்" என்பார்கள் அம்மாக்கள். அந்த வருடம் முழுக்கப் பிள்ளை தடுக்கித் தடுக்கி விழும். அடுத்த வருடம் கால் வளர்ந்து ஷூ சரியாக இருக்கும்போது அடிப்பாகம் தேய்ந்து வாய் பிளந்திருக்கும். ஓட்டத் தெரியாதவனுக்கு "பின்னாடி பழகிக்குவான்" என்று 850 வாங்கித் தருவதும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், விழுகிற இடம் பள்ளி மைதானம் இல்லை.

ஜனவரியில் மகன் குடும்பத்தோடு ரெவல்ஸ்டோக்குக்குப் போனோம். கால்கரியில் இருந்து சுமார் 400 கிலோமீட்டர். வழியில் ரோஜர்ஸ் கணவாயில் ஒரு மணி நேரம் வண்டிகளை நிறுத்தி வைத்தார்கள். ஏன் என்று கேட்டால், மலைமேல் சேர்ந்த பனியை ராணுவத்தார் பீரங்கியால் சுட்டு இறக்குகிறார்களாம், அது இறங்கிய பிறகுதான் சாலையைத் திறப்பார்களாம். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. சாலையில் போகிற காருக்கே பீரங்கி வேண்டியிருக்கிற மலை. அதன் முதுகில் ஏறத்தான் நம் பையன் வண்டி தேடுகிறான்.

முதல் நாள் வழிகாட்டியோடு வாடகை 600-இல் போனான். ஏழு இடத்தில் புதைந்து, தோண்டி எடுத்து, கையெல்லாம் காய்த்து, நாலு மணிக்கு வந்துவிட்டான். "அம்மா, செம வேலை வாங்குது. ஆக்சிலேட்டரை மட்டும் நம்பி ஏற முடியல. எங்க ஏறுறதுன்னு முன்னாடியே யோசிக்கணும், உடம்பைச் சாய்க்கணும்" என்றான். எனக்கு அது பாடம் படிக்கிற பிள்ளையின் பேச்சாகப் பட்டது.

மூன்றாம் நாள் நண்பர் ஒருவர் தன் 850-ஐக் கொடுத்தார். நாலு பேராகப் போனார்கள். நாலு மணி ஆயிற்று, வரவில்லை. அங்கே ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. மலையில் போன் எடுக்காது. ஆறு மணி. மருமகள் ரசத்தை மூன்றாவது முறை சூடு பண்ணினாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பேத்தி மட்டும் "அப்பா ஸ்லெட் இன்னும் வரலையா ஆயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏழு நாற்பதுக்கு வாசலில் டிரக் வெளிச்சம் விழுந்தது.

நடந்தது இதுதான். ஒரு மேட்டில் யாரும் தடம் பதிக்காத பனியைப் பார்த்திருக்கிறான். ஆக்சிலேட்டரை அழுத்தினான், வண்டி பறந்து மேட்டைத் தாண்டிவிட்டது. தாண்டிய பக்கம் ஒரு ஓடைப் பள்ளம். இறங்கியது இறங்கியதுதான், புதர்களுக்கு நடுவே மார்பளவு பனி. நாலு பேரும் இரண்டு மணி நேரம் பனியை மிதித்து மிதித்துச் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். கடைசியில் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிற ஒருவர் அதே 850-இல் ஏறி ஒரே மூச்சில் மேலே கொண்டுவந்தார். அவரிடம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருந்தது. "தாமதம், எல்லோரும் பத்திரம்" என்று ஐந்து மணிக்கே அனுப்பியிருக்கிறார். அது அவர் மனைவிக்குப் போனது. எங்கள் எண் அதில் இல்லை.

மறுநாள் காலை அந்தப் பெரியவரிடமே கேட்டேன், 600-ஆக இருந்தால் மேலே கொண்டுவந்திருக்க முடியுமா என்று. மகன்தான் மொழிபெயர்த்தான். முடியும், இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தோண்டியிருக்க வேண்டும் என்றார். பிறகு மகனே தானாகச் சொன்னான்: "600-ஆ இருந்தா நான் அந்த மேட்டையே தாண்டியிருக்க மாட்டேன்மா. இந்தப் பக்கமே புதைஞ்சு நின்னிருப்பேன், தடத்துல இருந்து நாப்பது மீட்டர்ல."

பெரியப்பா, கொழுந்தனாரே, நான் சொல்வது இந்த நாற்பது மீட்டரைத்தான். தெரியாதவனை 600 தெரிந்த இடத்தில் புதைத்து வைக்கும். 850 அவனைத் தெரியாத இடத்துக்குக் கொண்டுபோய் விடும். கை தேர்ந்தவருக்கு அதே 850 நல்ல வண்டிதான், அவர் ஒரே மூச்சில் ஏற்றியதை என் பிள்ளையே பார்த்திருக்கிறான்.

ஓடைப் பள்ளமாவது பரவாயில்லை. பனிச்சரிவு இருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் உடைகின்றன. யார் அதிக உயரம் ஏறித் திரும்புகிறார்கள் என்று இவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. சக்தி கூடக் கூட அந்தச் சாய்வின் தலைமாட்டுக்கே போய்விடலாம். ரெவல்ஸ்டோக் பக்கத்திலுள்ள போல்டர் மலையில் 2010 மார்ச்சில் அப்படி ஒரு கூட்டத்தின் மேல் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள், சுமார் 30 பேருக்குக் காயம். 2008 டிசம்பரில் ஸ்பார்வுட் ஊர்க்காரர்கள் பதினொரு பேர் போனார்கள். முதல் சரிவில் புதைந்தவர்களைத் தோண்ட மற்றவர்கள் ஓடிவந்தபோது இரண்டாவது சரிவு வந்தது. வீடு திரும்பியது மூன்று பேர். "பெரிய இன்ஜின் இருந்தா பனிச்சரிவை முந்தி ஓடிடலாமே" என்று தம்பி ஒருவர் குரூப்பில் எழுதியிருந்தார். தம்பி, அது மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக்கூடியது. அதுவும் நம் பின்னால் இருந்து துரத்தி வராது, நாம் நிற்கிற தரையே உடைந்து நகரும்.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரை மணி ஆகிவிட்டால் நம்பிக்கை மிகக் குறைவு. ஆம்புலன்ஸ் வரும் நேரம் அல்ல அது, கூட வந்தவர்கள் தோண்டும் நேரம். ஆளுக்கொரு டிரான்ஸீவர், புரோப் என்னும் நீள மடக்குக் கம்பி, பனி அள்ளும் மண்வெட்டி, இவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த கை, எல்லாம் வேண்டும். அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு ரெவல்ஸ்டோக்கில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் தினமும் ஐந்து நிலைகளில் ஆபத்தைக் கணித்துச் சொல்கிறார்கள். ஏஎஸ்டி-1 என்று இரண்டு நாள் பயிற்சி இருக்கிறது, ஸ்னோமொபைல்காரர்களுக்கென்றே தனியாகவும் நடத்துகிறார்கள். 600-க்கும் 850-க்கும் விலையில் சில ஆயிரம் டாலர் வித்தியாசம். அந்தப் பணத்தில் இந்தச் சாமான்களும், பயிற்சியும், அந்தச் செயற்கைக்கோள் கருவியும் வந்துவிடும். பயிற்சி மகனுக்கு மட்டும் போதாது. அவன் புதைந்தால் தோண்டப் போவது கூட வருகிறவன்தானே.

அதனால் என் கருத்து இது. முதல் இரண்டு குளிர்காலத்துக்கு 600. சிசியைவிட டிராக்கைப் பாருங்கள். 600-இல் 165 அங்குலம் வேண்டாம், 146 அல்லது 154 போதும். சின்னவன் 92 கிலோ, அதனால் 154. வண்டி சில கிலோ குறைவு, மரங்களுக்கு நடுவே திருப்பச் சுலபம், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். இரண்டு வருடம் கழித்து, எந்தச் சாய்வில் ஏறக் கூடாது என்று அவனே எனக்குச் சொல்லிக் கொடுக்கிற நிலை வந்தால், 850 வாங்கட்டும். அப்போது குரூப்பில் முதல் கட்டைவிரல் பொம்மை என்னுடையதாக இருக்கும்.

பயிற்சிக்கு டிசம்பரில் பணம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். மருமகள் தேதியைக் காலண்டரில் எழுதிவிட்டாள் என்று நேற்று போட்டோ அனுப்பினாள். சீசன் முடிந்ததால் இப்போது பழைய வண்டிகள் விலை இறங்கியிருக்கின்றன. சனிக்கிழமை 154 அங்குல டிராக்கோடு ஒரு 600 பார்க்கப் போகிறான். 1998 பேட்ச் மாணவன் ஒருவன் எட்மன்டனில் இந்த வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இதைப் படித்தால் இன்பாக்ஸில் நம்பர் அனுப்பு கண்ணு. பழைய வண்டியில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று சின்னவன் உன்னிடம் கேட்க வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள்.