தணிக்கை அறிக்கை யாருக்காக?

அனகாபுத்தூரில் தறிகள் குறைந்துவிட்டன. முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கங்களில் வயல்கள் மனைகளாகி வருகின்றன. ஆயினும் தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் நெசவாளரும் விவசாயிகளும் இரண்டு காரியங்களை இன்றும் விடாது செய்து வருகின்றனர். ஒன்று, ஆயுள் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டுவது. மற்றொன்று, கையில் மிஞ்சியதைச் சங்கத்தில் வைப்பாக இடுவது. இரண்டிலும் பணத்தைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பல்லாண்டு காத்திருக்கிறோம். அதைக் காப்பவர்களைக் கண்காணிப்பவர் யார் என்று கேட்டால், "அதற்குத்தான் சர்க்கார் இருக்கிறதே" என்று சொல்லி அமைதி கொள்கிறோம்.

சர்க்கார் கண்காணிப்பு வேண்டியதே. 1956-க்கு முன், பாலிசிதாரரின் பணம் கம்பெனி உரிமையாளரின் சொந்தத் தேவைகளுக்குத் திருப்பப்பட்டதுண்டு. பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி விவகாரத்தில் ராமகிருஷ்ண டால்மியா என்னும் பெருஞ்செல்வரே பின்னர் சிறை செல்ல நேர்ந்தது. 1956 ஜனவரியில் அவசரச் சட்டம் வந்தது. செப்டம்பர் முதல் தேதி, 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. இனிப் பயமில்லை என்று பலரும் எண்ணினர்.

பத்து மாதம் நிறையவில்லை. 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைக் கார்ப்பொரேஷன் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கலக்காமலே இது நடந்தது. சொந்தக்காரர் சர்க்கார், கண்காணிப்பவரும் சர்க்கார்; என்றாலும் தவறு நேர்ந்தது. அதை வெளிக்கொணர்ந்தது இலாகாக் குறிப்பு அன்று. ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரேயான பெரோஸ் காந்தி 1957 டிசம்பரில் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்ட கேள்விகள்தாம்! பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் சென்னைக்காரரான நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

ஜப்பானிலிருந்து ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். அது நூல் சம்பந்தப்பட்டது. கானெபோ என்ற பழம்பெரும் நூற்பாலைக் கம்பெனி, ஐந்தாண்டுகளில் 20,000 கோடி யென்னுக்கு மேல் கணக்கைத் திரித்துக் காட்டியது 2005-இல் அம்பலமாயிற்று. அதற்குத் துணைநின்றோர் யார்? கம்பெனியின் தணிக்கையாளர்களே! வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அந்நாட்டு நிதிச் சேவை முகமை, சூவோ அயோமா என்ற அந்தப் பெரிய தணிக்கை நிறுவனத்தை 2006-இல் இரண்டு மாதம் சட்டத் தணிக்கை செய்யக்கூடாதென்று நிறுத்தி வைத்தது. மறு ஆண்டிலேயே அந்நிறுவனம் கலைந்துபோயிற்று. தணிக்கையாளரையும் தட்டிக்கேட்ட அந்தத் துணிவு நமக்குப் பிடித்திருக்கிறது.

நமது சங்கங்களுக்கு வருவோம். கூட்டுறவுத் தணிக்கைத் துறையார் ஆண்டுதோறும் நமது கணக்கைப் பார்க்கின்றனர். குறைபாடுகளை எழுதுகின்றனர். அவ்வறிக்கை மகாசபையில் வாசிக்கப்படுகிறது. ஆனால் எப்பொழுது? மிக்சர் பொட்டலம் வழங்கும் வேளையில், ஒருவர் மூச்சுவிடாமல் வாசிக்க, "ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதி முடிக்கப்படுகிறது. பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்திப் பிணைத்த பின்னரே மேலே நெய்கிற நாம், கணக்கில் இழை அறுந்திருப்பதாகத் தணிக்கையாளர் எழுதியதைக் காதில் வாங்காமல் எழுந்து வீட்டுக்குப் போகிறோம். பின்னர் 81-ஆம் பிரிவு விசாரணை என்றதும் திடுக்கிடுகிறோம்.

இந்த அலட்சியம் நமக்குக் கட்டாது. 1960-இல் பாலை சென்ட்ரல் பாங்க் முறிந்ததையடுத்து 1962-இல் வைப்புகளுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. அன்று ஒருவருக்கு ரூ.1,500 வரை, 2020 பிப்ரவரி முதல் ரூ.5 லட்சம் வரை. இந்தப் பாதுகாப்பு பாங்குகளுக்கும் மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் இட்ட வைப்புக்கு இல்லை! சங்கத்தையும் பாங்கு என்றே வழக்கில் சொல்லிப் பழகிய நம்மில் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறோம்?

ஆகவே வரும் மகாசபைக்கு முன்பே அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். புத்தகத்தில் கண்ட நூல் இருப்பு கிடங்கில் இருந்ததா, தவணை கடந்த கடன் எவ்வளவு, சென்ற ஆண்டுக் குறைபாடுகளில் எவை நிவர்த்தியாயின என்று கேட்பது நிர்வாகக் குழுவைச் சந்தேகிப்பதாகாது. நேர்மையான காரியதரிசிக்கு அது பக்கபலமே.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. ஜப்பானில் 1997-இல் நிஸ்ஸான் ஆயுள் இன்ஷூரன்ஸ் முறிந்து, பாலிசிதாரருக்கு வாக்களித்த வட்டி குறைக்கப்பட்டது. அதன்பின் 1998-இல் பாலிசிதாரர் பாதுகாப்புக் கழகம் ஒன்றை அங்கே ஏற்படுத்தினர். தொடக்கச் சங்கங்களின் வைப்புக்கும் அத்தகைய பாதுகாப்பு நிதி வேண்டுமென்று ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளருக்கு அனுப்பலாம். நெசவாளர் சங்கங்கள் கைத்தறித் துறைக்கு அனுப்பலாம்.