பழைய வலியா, புதிய கசிவா?



ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகிய மூட்டுகளுக்குள்ளேயே இரத்தம் கசிகிறது. அந்த இரத்தத்திலுள்ள இரும்புச் சத்து மூட்டின் உட்சவ்வைத் தடிக்கச் செய்து, குருத்தெலும்பை அரிக்கிறது. ஆகவே, வாலிப வயதிலேயே முதியோருக்குரிய மூட்டுவாதம் வந்துவிடுகிறது.

இத்தகையோர் வலி வரும்போதெல்லாம் நிதானித்து அறியவேண்டிய காரியம் ஒன்றுண்டு. காலையில் விறைத்திருந்து, சற்று நடமாடியபின் தளரும் வலி பெரும்பாலும் வாதத்தினுடையது. குறுகுறுப்பில் தொடங்கி, மூட்டு சூடேறி வீங்கி, ஓய்விலும் பெருகும் வலி கசிவினுடையது. கசிவெனில் தாமதியாமல் உறைகாரணி ஏற்றிக்கொள்ளவேண்டும். ஐயமிருந்தால் கசிவென்றே கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வாதத்துக்கோ, பிசியோதெரபி நிபுணர் கற்பிக்கும் பயிற்சியே துணை; வலுவான தசை மூட்டைத் தாங்கும். ஆஸ்பிரின், புரூஃபன் மாத்திரைகள் இரத்தப்போக்கை மிகுதியாக்கும். அவற்றைத் தாமாக வாங்கி உண்ணாதிருங்கள். மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். எண்ணெய் தேய்த்து மூட்டை உருவுவதும் ஆபத்து.

ஊர்விட்டு ஊர் வந்தவர்களே, இந்நகரில் எந்த அரசு மருத்துவமனையில் உறைகாரணி கிடைக்கும் என்பதை வலி வருமுன்னே விசாரித்து வையுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் இடம்பெற்றுள்ளது, சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

வேலை போய்விடுமோ என்றஞ்சி வலியை மறைக்கும் சகோதரரே, கவனியாது விட்ட ஒவ்வொரு கசிவும் உமது மூட்டைத் தேய்க்கிறது. இன்றே வீட்டாரிடம் சொல்லும்.